செயலாளரின் ஆண்டறிக்கை 2025: நம் வட்டாரத்துச் சாலைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொங்கல் விழாவும் தீபாவளி ஒன்றுகூடலும் நல்லபடியாக நடந்தன. உழைத்த எல்லாருக்கும் நன்றி. அறிக்கையின் பெரும்பகுதியைச் சாலைகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் ஈசூன், செம்பவாங் உறுப்பினர்கள் ஆண்டு முழுக்க எங்களிடம் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.

வடக்கே குடியிருக்கும் நமக்கு நகரத்துக்குப் போகும் வழிகள் குறைவு. புக்கிட் தீமா விரைவுச்சாலை உட்லண்ட்ஸிலிருந்து தீவு விரைவுச்சாலைக்கு இறங்குகிறது. சிலேத்தார் விரைவுச்சாலை புக்கிட் தீமா விரைவுச்சாலையை மத்திய விரைவுச்சாலையோடு இணைக்கிறது. ஈசூனிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு லெந்தோர் அவென்யூவை விட்டால் செம்பவாங் சாலை. ஒன்றில் லாரி பழுதாகி நின்றால் போதும், மற்றதும் நிறைந்துவிடும். பள்ளி விடுமுறையிலோ, மலேசியாவுக்குப் போக 1924ல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கான வரிசை விரைவுச்சாலை வரைக்கும் நீண்டுவிடுகிறது. 2026 இறுதிக்குள் ஜோகூர் பாருவுக்கு ரயில் இணைப்பு வரவிருக்கிறது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் என்பதால் அந்த நெரிசல் கொஞ்சமாவது தணியும் என்று நம்புகிறோம்.

நம் பெரிய எதிர்பார்ப்பு வடக்கு-தெற்கு விரைவுச்சாலைதான். 2008ல் அறிவிக்கப்பட்டபோது அது கார்களுக்கான சாலையாகவே இருந்தது. 2016ல் திட்டத்தை மாற்றி, பேருந்துகளுக்குத் தனித்தடமும் சைக்கிள் பாதையும் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான முடிவு. நம் அடுக்குமாடி புளோக்குகளில் கார் இல்லாத குடும்பங்கள் ஏராளம். அட்மிரல்டி ரோடு வெஸ்ட்டில் தொடங்கி, தெற்கே ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே வரை 21.5 கிலோமீட்டர். நம் பக்கம் மேம்பாலம், நகரப் பக்கம் சுரங்கம். மேம்பாலம் 2027 முதலும் சுரங்கம் 2029லும் திறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சாலைக்காக லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருந்த வண்ணமயமான ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிக் குடியிருப்பு இடிக்கப்பட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அங்கிருந்த குடும்பங்கள் வீட்டையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அப்படி வரும் சாலை கடைசியில் கார்களுக்கு மட்டும் வசதியாக அமைந்துவிடக் கூடாது.

அதுவரை வேலை நடக்கும் இடங்களைக் கடந்துதான் நாம் போய்வர வேண்டும். ஒரு வேலைத்தளத்தின் ஓரம் நடைபாதையைச் சுற்றுவழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். கூரை இல்லை, இரவில் வெளிச்சமும் போதவில்லை. கைத்தடியோடு நடக்கும் மூத்தோர் மழையில் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச்சேர மிகவும் சிரமப்பட்டார்கள். நம் இளைஞர் அணி படம் எடுத்துக் கொடுத்தது, சங்கம் கடிதம் எழுதியது. விளக்கு வந்துவிட்டது, கூரை இன்னும் வரவில்லை. பங்குனி உத்திரத்தன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு வெறுங்காலோடு வரும் பக்தர்களையும் மனத்தில் வைத்துத்தான் விடாமல் கேட்கிறோம்.

புக்கிட் தீமா விரைவுச்சாலையை 1986ல் முடித்தபோது காடு இரண்டாகப் பிரிந்தது. விலங்குகள் கடக்க 62 மீட்டர் நீளப் பசும்பாலம் வந்தது 2013ல்தான். நடந்து போகிறவர்களும் அப்படிக் காத்துக்கிடக்கக் கூடாது. படிக்கட்டு, மின்தூக்கி, கூரையுள்ள பாதை எல்லாம் மேம்பாலம் திறக்கும் அன்றே தயாராக இருக்கவேண்டும்.

ஆகவே, புதிய சாலையில் எந்தெந்தப் பேருந்துகள் ஓடவேண்டும், எங்கெங்கே நிற்கவேண்டும் என்று உறுப்பினர்களிடம் கேட்டுத் தொகுத்து, வரும் ஆண்டு நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கொடுக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. அதற்கான படிவம் வாசலில் இருக்கிறது. போகும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

இந்த அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்