பேரனின் குதிக்கால்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். வேளாண்மை வெட்டு முடிந்துவிட்டது. படுவான்கரையில் மகள் வீட்டு வயல் இம்முறை வெள்ளத்துக்குத் தப்பியது.

ஒஸ்லோவில் உன் பேத்திக்கு மூன்று வயதிலேயே முழங்காலில் மூட்டுவாதம் என்று எழுதி, "இது கிழவர்களின் நோயல்லவா?" என்றும் கேட்டிருந்தாய். போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உனக்கு எழுதாமல் வைத்திருந்த சங்கதி இது: என் மகளின் மூத்தவனுக்கும் அதே நோய்தான்.

அவனுக்கு 12 வயது. காலையில் எழுந்தால் குதிக்காலை நிலத்தில் வைக்க மாட்டான். சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிணற்றடிக்குப் போவான். பத்து மணியானால் ஒன்றுமே நடவாதவன்போல் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பள்ளிக்கூடக் கள்ளம் என்றார் தகப்பன். பரிசாரியார் நொச்சியிலை வைத்துக் கட்டினார். 2006இல் வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்றாள் என் மனைவி. அப்போது இவன் பிறக்கவே இல்லை! ஒரு வைத்தியர் வளர்கிற வயது நோ என்று குளிசை தந்தார். இப்படியே எட்டு மாதம் போயிற்று. கடைசியில் கொழும்பில் ஒரு நிபுணர் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, குதிக்கால் தசைநாண் எலும்போடு சேருகிற இடத்தில் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். இவன் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த பிள்ளைகளும் அழத் தொடங்கிவிட்டார்கள்.

உன் கடிதம் வந்த பிறகு அவரிடம் கேட்டேன்: ஒரே நோய் என்கிறீர்கள், அங்கே முழங்கால், இங்கே குதிக்காலா? 16 வயதுக்கு முன் தொடங்கி ஆறு வாரமாவது நீடிக்கும், காரணம் தெரியாத மூட்டழற்சி எல்லாவற்றுக்கும் 'காரணமறியா இளம்பருவ மூட்டழற்சி' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்களாம்; உள்ளே ஏழு வகை. உன் பேத்திக்கு வந்ததுபோல் ஓரிரண்டு மூட்டில் தொடங்கும் வகை ஐரோப்பாவில் மிகுதி. 49 நாடுகளில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், தென் ஐரோப்பாவில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த வகைதான். தென்கிழக்காசியாவிலோ மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலோடு உடம்பு முழுவதையும் தாக்கும் வகை. தசைநாண் எலும்போடு சேருகிற இடத்தைத் தாக்கும் என் பேரனுடைய வகை இந்தியாவில் ஆண்பிள்ளைகளிடம் நிறையக் காணப்படுகிறதாம்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம், மச்சான். இவர்கள் எண்ணியது வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளை. காய்ச்சலில் எரிகிற பிள்ளையையும் நடக்க முடியாத பிள்ளையையும்தான் நாம் பஸ் ஏற்றுவோம். ஒரு முழங்கால் மட்டும் லேசாக வீங்கி, அழாமல் விளையாடுகிற மூன்று வயதுக்காரியை யார் கொழும்புக்குக் கொண்டுபோவது? எண்ணெய் தடவி வீட்டிலேயே வைத்திருப்போம். இதைச் சொன்னபோது நிபுணர் சிரித்தார். ரொறன்ரோவில் ஒரே வைத்தியசாலைக்கு வந்த பல இனப் பிள்ளைகளைப் பார்த்து 2007இல் ஆய்வு வந்ததாம். அங்கேயும் ஐரோப்பிய வழிப் பிள்ளைகளுக்கே இந்த நோய் கூடுதல். பஸ் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் குருதி தன் கணக்கைக் காட்டத்தான் செய்கிறது. சரி, குருதி பாதி, பஸ் பாதி என்று வைத்துக்கொள்வோம். வருமானம் குறைந்த நாட்டுப் பிள்ளைகளின் மூட்டுகள் கூடுதலாகச் சிதைந்திருந்தன என்று அந்த 2019 ஆய்வே சொல்கிறது. அதற்குக் குருதியைக் குற்றம் சொல்ல நான் விடமாட்டேன். எட்டு மாதம் நொச்சியிலை கட்டியவன் நான்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை எதற்கு, பிள்ளையின் கண் பளிங்குபோல் இருக்கிறதே என்று சலித்திருந்தாய். இந்த நோயுள்ள வட ஐரோப்பியப் பிள்ளைகளில் நூற்றுக்கு 19 பேருக்குக் கண்ணுக்குள் அழற்சி கண்டிருக்கிறார்கள். தென்கிழக்காசியாவில் 5 பேருக்குத்தான். என் பேரனுக்கு அது வந்தால் கண் சிவக்கும், வலிக்கும், அவனே கத்துவான். உன் பேத்தியின் வகையில் சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. கண் வைத்தியர் தன் விளக்குக் கருவியில் பார்த்தால்தான் தெரியும். மருமகள் நோர்வேக்காரி என்பதால் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் நம் ஆட்களாக இருந்தாலும் இதையே சொல்வேன்.

பேரன் இப்போது நாப்ரொக்சன் குளிசையும் பயிற்சியுமாகப் பரவாயில்லை. கிணற்றடிக்குச் சுவர் பிடிக்காமல் போகிறான். அந்தத் தங்கச்சிக்கும் காலையில் கால் இறுகிப்போகுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னான். பதிலை அவன் பெயருக்கே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்