செய்யாத ஹெட் ஃபேசிங்குக்கு வாங்கிய கட்டணம் குறித்துப் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு.

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஹெட் கேஸ்கெட் மாற்றியதில் சேவைக் குறைபாடு, செய்யாத வேலைக்குப் போட்ட பில்.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் இந்திரா நகர் கிளை, எனது 2003-ஆம் ஆண்டு ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் வண்டிக்கு ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றிக் கொடுத்து ₹2,940 பெற்றுக்கொண்டது. அதில் ₹650 ‘சிலிண்டர் ஹெட் ஃபேசிங்’, அதாவது வளைந்த ஹெட்டின் பரப்பைச் சமதளமாக்கும் வேலைக்கு. அந்த வேலை நடக்கவே இல்லை என்பதும், அது நடக்காத காரணத்தால்தான் புது கேஸ்கெட்டும் சில வாரங்களிலேயே போய்விட்டது என்பதும் என் புகார். கிளை மேலாளரிடம் நேரில் சொல்லிப் பயன் இல்லாததால் தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

வண்டியை முதலில் ஒப்படைத்தபோது கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷனே (எஞ்சினுக்குள் காற்றழுத்தமே) தெரியவில்லை. கால் வெறுமனே இறங்கியது. ஹெட்டும் போரும் (சிலிண்டரும்) சேரும் இடத்தில் இடப்பக்கம் கரி படிந்து, குளிர்விக்கும் ஃபின் தகடுகளுக்கிடையே எண்ணெய் கசிந்திருந்தது. தங்கள் மெக்கானிக் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் கிக்கரை மெல்ல அழுத்தியதும் நுரை குமிழ்குமிழாக வெளிவந்தது. கோளாறை அவர் சரியாகவே கண்டுபிடித்தார். அதில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஹெட்டைக் கழற்றிய பிறகு அவரே தொலைபேசியில் அழைத்து, ஹெட் வளைந்திருக்கிறது, ஃபேசிங் போடாமல் புது கேஸ்கெட் வைத்தால் நிற்காது என்று சொன்னார். நானும் உடனே ஒப்புக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து டின் ஃபேக்டரி அருகே நெரிசலில் நிற்கும்போது எஞ்சினுக்கு அடியிலிருந்து புகை வந்தது. இந்த வண்டியில் சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருப்பதால், ஹெட் இணைப்பின் கீழ் விளிம்பில் கசியும் எண்ணெய் நேராக சைலன்சரின் பெண்ட் பைப் மேல் சொட்டிக் கருகும். அதே இடப்பக்கம், அதே கசிவு. தங்கள் பில்லிலேயே இந்த வேலைக்கு மூன்று மாத உத்தரவாதம் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தக் கெடு முடியவில்லை. ஆனால் கிளை மேலாளர் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், “பழைய வண்டி சார், டிராஃபிக்கில் ஹீட் ஆனால் இப்படித்தான்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வேறு வழியின்றி ஜே.சி. ரோடு பக்கம் உள்ள ஒரு தனி மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். ஹெட்டைக் கழற்றும்போது நான் உடனிருந்தேன். இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஃபேசிங் போட்ட பரப்பு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். லேத்தில் போட்டிருந்தால் வட்ட வட்டமான வெட்டுக்கோடுகள் இருக்கும். சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டில் எமரித் தாளை விரித்துத் தேய்த்திருந்தால் பரப்பு முழுதும் ஒரே சீராக மங்கிய பளபளப்பு இருக்கும். இந்த ஹெட்டில் இரண்டும் இல்லை. முதல் கேஸ்கெட்டின் வளைய அச்சு அப்படியே கறையாகப் படிந்திருந்தது. அதன் மேல் ஸ்க்ரூ டிரைவர் போன்ற ஏதோ ஒன்றால் சுரண்டிய கீறல்கள். அலுமினியத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் காற்றுக்கு ஒரு வழி என்பதைத் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேர்விளிம்புச் சட்டமான ஸ்ட்ரெய்ட் எட்ஜை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தபோது, கசிவு இருந்த பக்கத்தில் இடைவெளியை அளக்கும் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு தடையில்லாமல் நுழைந்தது. கழற்றிய கேஸ்கெட்டில் நெருப்பு புகுந்து போன தடமும் சரியாக அதே இடத்தில்தான் இருந்தது.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. வளைவை மறைப்பதற்காகவோ என்னவோ, கேஸ்கெட்டின் இருபுறமும் சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். நட்டுகளை இறுக்கியபோது உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் ஏறும் துவாரத்தின் வாயில் பாதியை அடைத்திருந்தது. அது பிய்ந்து உள்ளே போயிருந்தால் கேமும் ராக்கரும் எண்ணெயின்றித் தேய்ந்து, செலவு ஒரு கேஸ்கெட்டோடு நின்றிருக்காது. மாற்ற வேண்டிய செம்பு வாஷரும் நசுங்கிய பழையதே. ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டில்) நட்டின் இறுக்கத்தைக் காட்டும் டார்க் ரெஞ்ச் அளவை எழுத வேண்டிய கட்டம் காலியாக விடப்பட்டிருப்பதைத் தாங்களே பார்க்கலாம்.

‘பழைய வண்டி’ என்ற பதிலை நான் ஏற்க இயலாது. பதினைந்து ஆண்டு முடிந்ததும் முறைப்படி சோதனைக்கு நிறுத்தி, 2018-லும் மீண்டும் 2023-லும் பதிவைப் புதுப்பித்து, 2028 வரை சாலையில் ஓட்ட அரசு அனுமதித்த வண்டி இது. காற்றால் குளிரும் எஞ்சின் நெரிசலில் சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் சூடுதான் காரணம் என்றால், ஹெட்டை உண்மையிலேயே ஃபேசிங் போட்டு, பேஸ்ட் இல்லாமல் உலர்ந்த கேஸ்கெட் வைத்து, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக இறுக்கிய பிறகு அதே சாலையில் அதே நெரிசலில் ஒரு சொட்டும் கசியாமல் வண்டி ஓடிக்கொண்டிருப்பது எப்படி என்பதை மேலாளர் விளக்க வேண்டும். வண்டியின் வயது தெரிந்துதான் வேலையை ஒப்புக்கொண்டீர்கள், பணத்தையும் வாங்கினீர்கள்.

ஆகவே, தங்கள் பில் தொகை ₹2,940-ஐ முழுவதுமாகத் திருப்பித் தருவதுடன், வெளியில் மீண்டும் செய்த வேலைக்கு நான் கொடுத்த ₹1,850-ஐயும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஃபேசிங் வெளி லேத் பட்டறையில் போடப்பட்டது என்று கிளை சொல்லுமானால், அந்தப் பட்டறையின் ரசீது நகலை எனக்கு அனுப்ப வேண்டும். பணத்தைவிட இந்தக் கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் எனக்கு முக்கியம், ஏனெனில் வளைந்த ஹெட் கண்ணுக்குத் தெரியாது. என்னைப் போல் கழற்றிப் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் பில்லில் எழுதியதை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். பில், ஜாப் கார்டு ஆகியவற்றின் நகல்களையும், ஃபீலர் கேஜ் நுழைந்த நிலையில் எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன். எரிந்த கேஸ்கெட்டும் பழைய செம்பு வாஷரும் என்னிடமே உள்ளன. தங்கள் தொழில்நுட்ப அலுவலர் எவரேனும் அல்சூருக்கு வந்தால் நேரில் காட்டுகிறேன், ஆனால் கிளையிடம் ஒப்படைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(ஒப்பம்)