கிலோவோல்ட்டை மட்டும் கேட்டால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடியிருப்புகளை ஒட்டிப் போகும் உயரழுத்த மின்பாதையைத் தரம் உயர்த்தப் போகிறார்கள் என்றால், உள்ளாட்சி மன்றங்களில் முதலில் எழும் கேள்வி 'எத்தனை கிலோவோல்ட்?' என்பதுதான். பெரும்பாலும் அதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. அழுத்தம் கூடவில்லை என்றால் ஆட்சேபம் இல்லை என்று தீர்மானம். கூடுகிறது என்றால் ஒட்டுமொத்த எதிர்ப்பு. வீடுகளுக்கு உண்மையில் என்ன மாறப்போகிறது என்பது இரண்டிலுமே தெரியவருவதில்லை.

110 கிலோவோல்ட் பாதை ஒன்றில் கோபுரங்களை அப்படியே விட்டுவிட்டு, பழைய கம்பியைக் கழற்றி, அதிக வெப்பம் தாங்கும் புதுக் கம்பியை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். முன்பு 500 ஆம்பியர் ஓடிய இடத்தில் இனி 1,000 ஆம்பியர் ஓடும். சுமார் 95 எம்.வி.ஏ. (மின்திறனை அளக்கும் அலகு) கொண்டுபோன பாதை 190 எம்.வி.ஏ. கொண்டுபோகும். காகிதத்தில் கிலோவோல்ட் மாறவே இல்லை. ஆனால் காந்தப்புலம் ஆம்பியரைப் பொறுத்தது; முழுச்சுமையில் வீட்டுக்குள் வரும் புலம் இரட்டிப்பாகிறது. மாறாக, அதே மின்திறனை 220 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பாதியாகும், காந்தப்புலமும் குறையும். கிலோவோல்ட்டைப் பொறுத்த மின்புலமும் கம்பிக்கு விடவேண்டிய இடைவெளியும் மட்டும் கூடும். ஆகவே மன்றம் முதலில் எழுதிக் கேட்க வேண்டியது, தரம் உயர்த்துவதற்கு முன்னும் பின்னும் ஓடும் அதிகபட்ச ஆம்பியர், வழக்கமான ஆம்பியர், அந்தச் சுமையில் கம்பி எத்தனை டிகிரிக்குப் போகும் என்பவற்றை.

வெப்பநிலையை வலியுறுத்தக் காரணம் தொய்வு. 300 மீட்டர் இடைவெளியுள்ள இரு கோபுரங்களுக்கு நடுவே 6 மீட்டர் தொய்வோடு தொங்கும் கம்பியின் நீளம், 300 மீட்டரைவிட ஏறத்தாழ 32 சென்டிமீட்டர்தான் அதிகம். நடுவே எஃகு உள்ளீடு கொண்ட வழக்கமான அலுமினியக் கம்பி 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இன்னும் 20 சென்டிமீட்டர் சொச்சம் நீளும். அது சிறிய அளவாகத்தான் தோன்றும். ஆனால் அந்த நீட்சி, நடு இடைவெளியில் கம்பியை ஒன்றரை மீட்டர் அளவுக்குக் கீழே இறக்கிவிடும். மாடியில் துணிக்கொடி கட்டியிருக்கும் வீட்டுக்கு அந்த ஒன்றரை மீட்டர் பெரிய விஷயம்.

கார்பன் இழை உள்ளீடு கொண்ட புதுக் கம்பிகள் இந்தத் தொய்வைப் பெருமளவு குறைக்கின்றன. ஆனால் அவற்றை இழுக்கும்போது சிறிய கப்பியில் கூர்மையாக வளைத்துவிட்டால் உள்ளீடு விரிசல் விடும். வெளியே சுற்றிய அலுமினியம் அதை மறைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் காற்றில் அறுந்து விழும்போதுதான் தெரியும். கப்பியின் குறைந்தபட்ச விட்டம் என்ன என்று கம்பி தயாரித்தவர் எழுதிக் கொடுத்திருப்பார். ஒப்பந்ததாரர் அதைக் கடைப்பிடிக்கிறாரா என்று கேட்க மன்றத்துக்கு முழு உரிமை உண்டு.

கேட்டு வாங்க வேண்டிய ஆவணம் ஒன்று இருக்கிறது: பாதையின் நீள்வெட்டு வரைபடம். தரையின் மேடுபள்ளம், கோபுரங்கள், அதிகபட்ச வெப்பநிலையில் கம்பி தொங்கும் கோடு, நடுவே குறுக்கிடும் சாலைகள், கட்டடங்கள் எல்லாம் அதில் இருக்கும். கையில் கிடைத்ததும் இரண்டைப் பாருங்கள். கம்பிக் கோடு எந்த வெப்பநிலைக்கு வரையப்பட்டது? அதில் உள்ள வீடுகள் இன்றைய வீடுகளா, அல்லது பாதை போட்ட காலத்து அளவீடா? பழைய படத்தில் ஓட்டு வீடாக இருந்தது இன்று இரண்டு மாடியாக நிற்கும். செங்குத்து இடைவெளியோடு, காற்றில் கம்பி பக்கவாட்டில் ஆடும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரு கோபுரங்களுக்கும் நடுவில்தான் ஆட்டம் அதிகம்; கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டைவிட நடுவில் இருக்கும் வீட்டுக்கே ஆபத்து கூடுதல்.

இதில் மன்றங்களின் பங்கும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மின்பாதைக்கு அடியில் கூடுதல் மாடிக்கு அனுமதி தருவது மின்துறை அல்ல. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேரை இருளில் தள்ளிய மின்தடையில், ஒஹையோ மாநிலத்தின் 345 கிலோவோல்ட் கம்பிகள் மரங்களில் பட்டுத் துண்டிக்கப்பட்டன. அந்தக் கம்பிகள் தம் சுமை வரம்புக்குள்தான் இருந்தன; கீழே மரங்கள் வளரவிடப்பட்டிருந்தன. மரம் செய்ததைக் கட்டடமும் செய்யும். பாதையின் அகலத்தைக் கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் மன்றமே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உடல்நலம் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். அதைக் கேலி செய்வதும் தவறு, ஊதிப் பெருக்குவதும் தவறு. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு, 2010 திருத்தத்தின்படி 200 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). பாதைக்கு நேர் கீழே நின்றாலும் பொதுவாக அதற்கு வெகு குறைவாகவே இருக்கும். ஆனால் நீண்டகாலச் சராசரி 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு ஒரு புள்ளிவிவரத் தொடர்பு காணப்பட்டதால், 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கச் சாத்தியமுள்ளவற்றில் வைத்தது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்லி, புதிதாக அமைக்கும்போது குறைந்த செலவில் புலத்தைக் குறைக்க வழியிருந்தால் ஆராயலாம் என்றது.

அப்படி ஒரு வழி இருக்கிறது. மன்றங்கள் அதைக் கேட்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். ஒரே கோபுரத்தின் இருபுறமும் இரு சர்க்யூட் (மும்மூன்று கம்பி கொண்ட தனித்தனித் தொகுதி) போகும் பாதையில், இடப்பக்கம் மூன்று ஃபேஸ் கம்பிகளும் மேலிருந்து கீழாக ஆர், ஒய், பி என்றிருந்தால், வலப்பக்கம் பி, ஒய், ஆர் என்று தலைகீழாக வைக்க வேண்டும். இருபக்கப் புலங்களும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்து குறைத்துக்கொள்ளும். தூரம் போகப் போக இன்னும் வேகமாகக் குறையும். இரு சர்க்யூட்டிலும் மின்சாரம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் ஓடினால்தான் இது பலிக்கும். எதிரெதிர்த் திசையில் ஓடினால் பலன் தலைகீழாகிவிடும். அதனால் ஓட்டத்தின் திசையையும் சேர்த்தே கேட்க வேண்டும். வடிவமைப்பின்போது இது வரைபடத்தில் ஒரு திருத்தம். மின்னூட்டம் கொடுத்த பிறகு என்றால், பாதையை நிறுத்தி, முனைக் கோபுரங்களில் இணைப்புகளை மாற்றி, இரு துணைமின் நிலையங்களிலும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.

மேல்நிலைக் கம்பிக்குப் பதிலாகப் புதைவடம் (மண்ணுக்கடியில் போகும் கேபிள்) கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் காந்தப்புலத்தைத் தடுக்காது. வடத்துக்கு நேர் மேலே புலம் மேல்நிலைக் கம்பியின் அடியில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கலாம். விலகினால் மட்டும் சட்டென்று இறங்கும். ஆகவே வடம் நடைபாதையில், வீட்டு வாசலை ஒட்டிப் போகிறதா, சாலை நடுவில் போகிறதா என்பதுதான் கேள்வி.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை: இரு கம்பித் துண்டுகளைச் சேர்க்கும் நடு இணைப்பு வீட்டுக்கோ சாலைக்கோ மேலே வரக்கூடாது. அருகிலுள்ள தகரக்கூரைக்கும் கம்பிவேலிக்கும் எர்த் கொடுக்க வேண்டும். பழைய கோபுரத்தின் மூலைக்கால்கள் புதிய இழுவிசையைத் தாங்குமா என்ற கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

பணி முடிந்ததும் யாராவது மீட்டரோடு வந்து 'இவ்வளவுதான்' என்று காட்டுவார்கள். அந்த நிமிடம் பாதையில் எத்தனை ஆம்பியர் ஓடியது என்று கேட்டு, அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். 200 ஆம்பியரில் 0.5 மைக்ரோடெஸ்லா காட்டும் வீட்டில், 1,000 ஆம்பியரில் 2.5 காட்டும். இணைப்புகளை வெப்பக் கேமராவில் பார்ப்பதும் அப்படித்தான்: சுமை குறைவான நேரத்தில் பார்த்தால் கெட்ட இணைப்பும் குளிர்ந்தே தெரியும்.

இப்படிக்கு,
மின்பாதைப் பணி அறிந்த ஒரு வாசகர்