பெட்டி இருக்கிறது, சாவிதான் கிடைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. கல்குளம் வட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் நான் உறுப்பினர். மகள் அங்கே பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே நான் பார்த்ததை எழுதுகிறேன்.

எல்லா அரசுப் பள்ளிகளிலும் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் குறையைப் பெயர் சொல்லாமல் எழுதிப் போடலாம். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பள்ளியில் அதை மாட்டியிருப்பது தலைமையாசிரியர் அறை வாசலில். யார் சீட்டுப் போடுகிறார்கள் என்பது அலுவலக ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியும், எதிரே இருக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் தெரியும். போன கூட்டத்தில் அதைத் திறக்கச் சொன்னேன். சாவியைத் தேடவே கால் மணி நேரம் ஆயிற்று. மழையில் பூட்டு வேறு துருப்பிடித்துப் போயிருந்தது. உள்ளே நாலைந்து மிட்டாய்த் தாள், கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு சீட்டு, அப்புறம் கணக்கு நோட்டில் இருந்து கிழித்த ஒரு துண்டு: "மத்தியானம் என்கூட இருந்து சாப்பிட யாரும் வர மாட்டாங்க." பெயர் இல்லை, வகுப்பு இல்லை. தாள் நனைந்து காய்ந்து பழுப்பேறியிருந்தது. எழுதிய பிள்ளை எத்தனை நாள் காத்திருந்ததோ!

உடனே, உதவி எண் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416, பள்ளிக் கல்வித்துறைக்கு 14417, குழந்தைகளுக்கு 1098. முதல் இரண்டுக்கும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம், பெரியவர்களுக்கே குழம்பும். அது போகட்டும். பள்ளிக்கு போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் இருக்கும் போனோ அம்மா கையில் இருக்கும், அல்லது வெளிநாட்டில் இருக்கும் அப்பா கூப்பிடும் நேரத்துக்காகச் சார்ஜில் கிடக்கும். வீட்டுக்குத் தெரியாமல் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கூப்பிடும்?

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சின்னப் பள்ளி என்றால் வெளியே உள்ள மனநல நிபுணர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். ஆலோசகர் வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? எங்களுக்கு இதுவரை வந்தது ஒரே ஒருவர், ஒரே ஒரு நாள். மைதானத்து வேப்பமரத்தடியில் மொத்தப் பள்ளியையும் உட்கார வைத்து மைக்கில் பேசினார். "மனசுல என்ன இருந்தாலும் என்கிட்ட சொல்லலாம்" என்றார். எழுந்து நின்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

என் கட்சி இதுதான்: பிள்ளைகள் தினமும் பார்க்கிற ஒரு முகத்திடம்தான் வாய் திறப்பார்கள். எங்கள் பள்ளியில் ஒரு பையன் முதல் பீரியடில் தினமும் தூங்கிவிழுவான். திட்டினார்கள், வெளியே நிறுத்தினார்கள். கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் பி.டி. சார்தான். பந்து எடுத்துக் கொடுக்கிற சாக்கில் "காலையில என்னடே சாப்பிட்ட?" என்று கேட்டிருக்கிறார். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு, ஒன்றும் சாப்பிடாமல் நேரே பள்ளிக்கு வருகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் அந்த பி.டி. பீரியடே இருக்காது. கணக்கு சார் கடன் வாங்கிப் போன பி.டி. பீரியடைத் திருப்பித் தந்ததாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு, மாநிலத்திலேயே முதலிடம் என்று மேடைக்கு மேடை சொல்கிற மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமையின் பாரமும் பிள்ளைகள் தலையில்தான்.

அதனால் அப்படி ஓர் ஆசிரியரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். வாரத்தில் இரண்டு பீரியட் அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், கால அட்டவணையிலேயே அதை எழுதிவையுங்கள். கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை போதும். உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கும் அறை எல்லாப் பள்ளியிலும் ஒன்று இருக்கும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்று ஒரு பிள்ளை டீச்சரிடம் அழுதால் மத்தியானத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியும், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் அம்மாவிடமே யாராவது விசாரிப்பார்கள். எங்களூரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் அதற்கப்புறம் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், அதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் மறைக்க முடியாது. மற்றபடி கேட்டது கேட்டவரோடு நிற்க வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள் என்று சொன்னால் பெற்றோர் முகம் மாறுகிறது. "எம் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று என்னிடமே ஒரு அக்கா கேட்டார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டிய கஷ்டம் அவருக்கு. தெரிந்த டீச்சர் யாராவது கூட வந்தால் அவர் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் அடுத்த கூட்டத்தில் பெட்டியை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் மாற்றவும், வாரம் ஒரு முறை திறக்கவும், சாவியைப் பெற்றோர் தரப்பில் ஒருவரிடமும் கொடுக்கவும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். மற்றப் பள்ளிகளில் குழுவில் இருப்பவர்களும் தங்கள் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.