ஆரஞ்சு இளவரசி

அன்புள்ள முருகேசா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதி. கண் கூச்சம் இருந்தால் இதை மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்.

நான் இன்னும் நெதர்லாந்தில், லைடன் நகரில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். ஏப்ரல் 27 இங்கே அரசர் பிறந்தநாள். தெரு முழுக்க ஆரஞ்சு நிறம். பேத்தி பள்ளியிலிருந்து ‘க்ரோன்பிரின்செஸ்’ என்ற சொல்லோடு வந்தாள். பட்டத்து இளவரசி என்று பொருள். ‘க்ரோன்’ மகுடம், லத்தீன் ‘கொரோனா’விலிருந்து வந்தது. ‘பிரின்ஸ்’ என்பதும் லத்தீன்தான்: முதலிடம் பிடிப்பவர். ஆனால் இந்த நாட்டில் அரசருக்கு மகுடம் சூட்டும் வழக்கமே கிடையாது! 2013 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் நியூவ கெர்க் தேவாலயத்தில் வில்லெம் அலெக்சாண்டர் உறுதிமொழி எடுத்தபோது மகுடம் பக்கத்து மேசையில்தான் இருந்தது. அதனால் ‘ட்ரோன்ஓப்வோல்கர்’, அதாவது அரியணையில் அடுத்து வருபவர் என்ற சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம் பட்டத்து வாரிசின் முறையான பட்டம். அரசரின் மூத்த மகள் கத்தரினா அமாலியா அன்று முதல் ‘ஒரான்ய இளவரசி’. அப்போது அவளுக்கு 9 வயது. ஒரான்ய என்றால் டச்சு மொழியில் ஆரஞ்சு நிறம். ஆனால் பட்டத்தில் வருவது நிறமோ பழமோ இல்லை, பிரான்சின் தெற்கில் ஓர் ஊர். ரோமானியர் அதை அராவ்சியோ என்றார்கள். 1544-இல் உறவினர் ஒருவர் வாரிசில்லாமல் இறக்க, இன்றைய அரசரின் முன்னோரான இன்னொரு வில்லெமுக்கு 11 வயதில் அந்தச் சிற்றரசு வந்தது. பின்னாளில் ஸ்பெயினை எதிர்த்து நின்ற அதே வில்லெம்தான். 1713-இல் ஊர் பிரான்சுக்கே போய்விட்டது. பெயரை மட்டும் குடும்பம் விடவில்லை.

பழத்தின் பெயர் வந்த வழி வேறு. பிரெஞ்சுக்கு முன் அரபி, அதற்கு முன் பாரசீகம், அதற்கும் முன் சமஸ்கிருத ‘நாரங்க’. அதற்கு அடியில் இருப்பது நம் நாரத்தையின் உறவாக, திராவிட வேராக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். படித்ததும் உன்னை நினைத்துக்கொண்டேன். ஊர்ப்பெயரும் பழப்பெயரும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்ததால்தான் அரச குடும்பத்துக்கு இந்த நிறம். இங்கே பழத்தை ‘சீனாஸ்ஆப்பெல்’, சீனத்து ஆப்பிள், என்கிறார்கள். ‘ஒரான்ய’ நிறத்துக்கும் அரச குடும்பத்துக்கும்தான்.

உன் கொல்லை நாரத்தை இந்த வருடம் காய்த்ததா? ஊறுகாய் போட்டால் ஒரு பாட்டில் எடுத்து வை. ஜூன் கடைசியில் வருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்