பழுதான கணினிகளும் அவசரப் ‘பார்மட்’டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டதிலிருந்து, எங்கள் பகுதியில் பழைய கணினி வைத்திருக்கும் பலர் ஒரே முறையீட்டோடு பழுதுநீக்கும் கடைகளுக்குச் செல்வதைக் காண்கிறேன். அப்டேட் பாதிவரை ஏறுகிறது. கணினி அணைந்து மீண்டும் எழும்போது, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஓர் அறிவிப்பு வருகிறது. பிறகு எல்லாம் பழைய நிலைக்கே போய்விடுகிறது. இதற்குக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை இரண்டுதான்: ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் துடைத்து விண்டோஸை மறுபடி நிறுவும் பார்மட் செய்துவிடலாம், இல்லையென்றால் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், இவ்விரண்டுக்கும் முன்பாகச் செய்து பார்க்க வேண்டியவை பல உண்டு என்பதைத் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அப்டேட் தோற்றால் குற்றம் அப்டேட்டில்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய கணினியில் முதலில் பார்க்க வேண்டியது திரையின் மூலையில் தெரியும் தேதியை. மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்னும் வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்டேட் வழங்கும் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்பட வேண்டுமானால் அதன் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்துக்குள் கணினியின் தேதி அமைந்திருக்க வேண்டும். தேதி தவறினால் இணைப்பே ஏற்படாது. மலிவான ஒரு பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தியதும் அப்டேட் ஓடத் தொடங்கிய கணினிகளை எங்கள் ஆய்வகத்திலேயே கண்டிருக்கிறேன்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க், அதாவது கோப்புகள் சேமிக்கப்படும் வட்டு. விண்டோஸ் இயங்கத் தேவையான சிஸ்டம் கோப்புகள் தாமாகக் கெடுவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது, யு.பி.எஸ். பேட்டரி வலுவிழந்து கணினி பட்டென்று அணைவது, வட்டில் இடம் நிறைந்துபோவது, தற்காலிக நினைவகமான ரேம் பழுதாவது, எல்லாவற்றுக்கும் மேலாக வட்டே உள்ளூரச் சிதைந்துகொண்டிருப்பது ஆகியவையே காரணங்கள். வட்டின் உடல்நிலையை அதுவே பதிவுசெய்து வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு யாரும் படிக்கலாம். அதில் படிக்க முடியாத பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால், எத்தனை முறை விண்டோஸை மறுபடி நிறுவினாலும் சில வாரங்களில் அதே கோளாறு திரும்பிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இத்தகைய வட்டின் மீது உடனடியாக, பிழைகளைத் தேடும் ‘செக் டிஸ்க்’ சோதனையை ஆழமாக ஓடவிடுவது ஆபத்தானது, ஏனெனில் முழு வட்டையும் இடைவிடாது படிக்கும் அந்த வேலையே நலிந்த வட்டின் இறுதியை விரைவுபடுத்திவிடக்கூடும். முதலில் கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும், சோதனை பிறகுதான்.

வட்டும் ரேமும் நலமாக இருந்தால் மட்டுமே சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும் கட்டளைகளுக்குப் பயன் உண்டு. கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகளைக் கண்டறிந்து மாற்றிவைக்கும் எஸ்.எஃப்.சி. என்னும் கட்டளையைப் பலரும் அறிவர். ஆனால் அது எங்கிருந்து நல்ல கோப்பை எடுத்து வைக்கிறது என்பதை அறிந்தோர் குறைவு. விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்றொரு சேமிப்பகம் இருக்கிறது. கெட்டுப்போன கோப்புக்கு மாற்று அங்கிருந்தே வருகிறது, அப்டேட்டுகளும் அதை நம்பியே நிறுவப்படுகின்றன. அதுவே பழுதாகியிருந்தால், எஸ்.எஃப்.சி.யை ஓடவிடுவது புழுத்த விதைநெல்லைக் கொண்டு மறுநடவு செய்வதற்கு ஒப்பாகும். சில கோப்புகளைச் சரிசெய்ய இயலவில்லை என்று எஸ்.எஃப்.சி. கைவிரிப்பதும், 80073712 என்று முடியும் பிழை எண் அப்டேட்டில் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் முதலில் டிஸ்ம் கட்டளையின் ‘ரீஸ்டோர்ஹெல்த்’ வசதியால் சேமிப்பகத்தைச் சீராக்கி, அதன் பிறகே எஸ்.எஃப்.சி.யை ஓடவிட வேண்டும். பழைய வட்டுகளில் டிஸ்ம் ஒரே சதவீதத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்கும். அதைக் கண்டு பொறுமையிழந்து கணினியை அணைப்பவர்கள் பழுதைப் பெருக்கிக்கொள்கிறார்கள். டிஸ்ம் தனக்கு வேண்டிய கோப்புகளை வழக்கமாக விண்டோஸ் அப்டேட் வழியாகவே பெறுவதால், அந்த வழி அடைபட்டிருக்கும் கணினியில் விண்டோஸ் நிறுவல் கோப்புகள் அடங்கிய, அதே பதிப்பின் ஐ.எஸ்.ஓ. கோப்பை மூலமாகச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதையும் கடைக்காரர்கள் மறந்துவிடக் கூடாது.

இதற்கும் மசியாவிட்டால், அப்டேட் சேவைகளை நிறுத்திவிட்டு ‘சாப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ கோப்புறையின் பெயரை மாற்றினால் அரைகுறையாக இறங்கிய கோப்புகள் ஒதுங்கி, புதிதாக இறங்கத் தொடங்கும்.

இவை அனைத்தும் தோற்றாலும் பார்மட் கடைசிப் படிதான். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐ.எஸ்.ஓ. கோப்பைத் திறந்து நிறுவலைத் தொடங்கி, கோப்புகளையும் செயலிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால், இயங்குதளம் மட்டும் புதிதாக எழுதப்படும். இவ்வளவு எளிய வழி இருக்க, வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லாமலே வட்டைத் துடைப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. இந்த வருத்தத்துக்குத் தமிழர்களுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. நம் டி.டி.பி. மையங்களிலும், அச்சகங்களிலும், ஆவண எழுத்தர்களின் மேசைகளிலும் உள்ள பழைய கணினிகளில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளமாக இருக்கின்றன. பார்மட் செய்பவர் ஆவணங்களை நகலெடுத்துக் கொடுத்தாலும் எழுத்துருக்களை விட்டுவிட்டால், கோப்பைத் திறக்கும்போது தெரிவது தமிழாக இருக்காது, ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாகவே இருக்கும். ‘பான்ட்ஸ்’ கோப்புறையையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கடையும் விதியாகவே கொள்ள வேண்டும்.

பயனர்மீது பழி போடக் கூடாத தோல்விகளும் உண்டு. 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், கணினியைப் பழுதிலிருந்து மீட்பதற்கென வட்டில் ஒதுக்கப்பட்ட மீட்புப் பகிர்வில் 250 எம்.பி. இடம் இல்லாத விண்டோஸ் 10 கணினிகளில் 80070643 என்று முடியும் பிழையோடு திரும்பத் திரும்பத் தோற்றது. அந்தப் பகிர்வைக் கட்டளைகள் மூலம் பெரிதாக்கிக்கொள்ளும்படி மைக்ரோசாப்ட் வழிகாட்டியது. சாதாரணப் பயனர் செய்யக்கூடிய வேலையா அது? அதே போல, விண்டோஸ் 7ஐப் பழைய குறுந்தகட்டிலிருந்து இன்று நிறுவுபவர்கள், அப்டேட் உண்மையானதா என்று சரிபார்ப்பதற்காக 2019இல் கட்டாயமாக்கப்பட்ட ஷா-2 கையொப்ப ஆதரவைத் தனியாக நிறுவாதவரை, அதற்குப் பின் வெளிவந்த அப்டேட் எதையும் ஏற்றிக்கொள்ள முடியாது. இன்னொரு வகைத் தோல்வி நாமே வரவழைப்பது: உரிமமின்றி ஓடும்படி கிராக் செய்யப்பட்ட விண்டோஸை நிறுவி, அப்டேட் சேவையையே முடக்கி வைத்துக் கொடுக்கும் வழக்கம். அதில் சிஸ்டம் கோப்புகள் முதல் நாளிலிருந்தே திருத்தப்பட்டவை; எஸ்.எஃப்.சி. அவற்றைப் பழுது என்று சொல்வதில் வியப்பில்லை.

அப்டேட் இல்லாமலே காலம் தள்ளலாம் என்று எண்ணுவோருக்கு 2017ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அதை நிறுவாத விண்டோஸ் 7 கணினிகள். எனவே விண்டோஸ் 10 வைத்திருப்போர் 22எச்2 என்னும் அதன் இறுதிப் பதிப்புக்கு வந்து, 2026 அக்டோபர் 13 வரையிலான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். மைக்ரோசாப்ட் கணக்கின் வழியே அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இன்றியே அதில் சேர முடியும். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத கணினிகளுக்கு, இலவச இயங்குதளமான லினக்ஸ் நல்ல மாற்று. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகள் லினக்ஸ் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருளைக் கொண்டு பல ஆண்டுகளாகக் கணினிப் பாடம் நடத்துகின்றன. நான்கு ஜி.பி. ரேமும், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்புக் கருவியான ஓர் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால், பத்து வயதுக் கணினியிலும் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். பல ஆய்வகங்களில் ஓரங்கட்டப்பட்டிருக்கும் கணினிகளுக்கு இந்த எஸ்.எஸ்.டி. மாற்றம் ஒன்றே போதும்.

கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: பார்மட் செய்வதற்கு முன் வட்டின் ஸ்மார்ட் நிலையையும், முயன்று பார்த்த கட்டளைகளையும், நகலெடுத்த கோப்புறைகளையும் ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறை, ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு வெளிப்புற வட்டும், பயன்பாட்டில் உள்ள பதிப்பின் ஐ.எஸ்.ஓ. அடங்கிய பென் டிரைவும் வழங்கி, மேற்கண்ட வரிசையை ஒரு பக்கத் தமிழ்க் கையேடாக அச்சிட்டு ஆய்வகச் சுவரில் ஒட்டச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.