எர்த்ஸீயின் கடல் உன் மேசைக்கு வந்தால்

அன்புள்ள மக்களே,

உன் குரல் பதிவைக் கேட்டேன். உர்சுலா கே. லெ குவின் எழுதிய மாயக் கதை வரிசையான எர்த்ஸீயை யார் தொலைக்காட்சித் தொடராக எடுத்தாலும் ஓடாது, அதில் சண்டையே இல்லை, நாயகன் பாதிக் கதை படகில் உட்கார்ந்திருக்கிறான், டிராகன் வந்தும் பேசிவிட்டுப் போய்விடுகிறது என்று தீர்ப்பே எழுதிவிட்டாய். போனில் பதில் சொன்னால் வேலை இருக்கிறது சித்தி என்று வைத்துவிடுவாய். ஆகவே கடிதம். உன்னைப் போல நினைக்கிறவர்கள் வேறு பலரும் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உனக்கென்று எழுத இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டுத் தொடர்களின் கணினி வரைகலை வேலையில் ஒரு பங்கு சென்னைக்கு வருகிறது என்று நீதான் சொன்னாய். நீயோ அலையும் நுரையும் செய்கிறவன். நாளைக்கு எர்த்ஸீயின் கடலில் ஒரு துண்டு உன் மேசைக்கு வந்து சேராது என்று என்ன நிச்சயம்? வந்தால் அதைக் கெடுத்துவிடாதே. இதுவரை கெடுத்தவர்கள் போதும்.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை சேனல் எர்த்ஸீயை இரண்டு பகுதிகளாக எடுத்து ஒளிபரப்பியது. உர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய முதல் புத்தகத்தில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் வெட்ச் கறுப்பன். வெள்ளைத் தோல்காரர்கள் என்றால் கார்காட் தீவுகளிலிருந்து கொள்ளையடிக்க வருகிறவர்கள். சேனல்காரர்கள் கெட்டை வெள்ளைக்காரனாக்கினார்கள். லெ குவின் சும்மா இருக்கவில்லை. அதே மாதம் பகிரங்கமாகக் கட்டுரை எழுதித் தனக்கும் அந்தப் படைப்புக்கும் தொடர்பில்லை என்று உடைத்துச் சொன்னார். புத்தகத்தை முதலில் படித்தபோது முட்டத்தில் கரைவலை இழுக்கும் பையன்களில் ஒருவனின் முகத்தைத்தான் நான் கெட்டுக்குக் கொடுத்திருந்தேன். அந்த முகத்தைப் பிடுங்கிக்கொண்டால் வராத கோபமா? நம் ஊர்த் தொடர்களும் லேசுப்பட்டவை அல்ல. கறுப்பு நாயகி வேண்டும் என்றால் சிவந்த பெண்ணைக் கூப்பிட்டு மை பூசுகிறார்கள். இந்த முறையாவது நிறத்தை நடிகரிடமே தேடட்டும்.

நிறத்தோடு விட்டார்களா? எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் ஊர் அழைக்கும் பெயர் ஒன்று, உயிராக நம்புகிறவர்களிடம் மட்டும் சொல்லும் உண்மைப் பெயர் ஒன்று. அந்தப் பெயர் தெரிந்தவன் உன்னை ஆளலாம். நாயகனை ஊர் அழைப்பது ஸ்பாரோஹாக் என்று. கெட் என்பது ரகசியம். சேனல்காரர்கள் இரண்டையும் தலைகீழாக மாற்றினார்கள். நம் கடற்கரையில் வட்டப்பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிவிட்டு, ஞானஸ்நானப் பெயரைச் சந்தையில் கூவினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மொத்தக் கதையும் அந்த ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது, முடிவும்கூட. முடிவை இங்கே சொல்லமாட்டேன். நீ இன்னும் அதுவரை படிக்கவில்லை என்பது உன் பதிவிலேயே தெரிந்துவிட்டது.

2006இல் ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் நிறுவனம் எடுத்த எர்த்ஸீ படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி படமெடுக்க அனுமதி 1980களில் கேட்டபோது லெ குவின் மறுத்துவிட்டார். பிறகு லெ குவின் மனம் மாறியபோது படம் மியாசாகியின் மகன் கோரோவின் கைக்குப் போனது. வானமும் வயலும் அழகு. இளவரசன் தந்தையைக் குத்திக் கொல்வதில் ஏன் தொடங்குகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது.

லெ குவின் 2018 ஜனவரியில் மறைந்தார். 2019இல் ஏ24 நிறுவனம் தயாரிப்பாளர் ஜெனிபர் ஃபாக்ஸோடு சேர்ந்து இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. அன்றுமுதல் இந்தக் கிழவி காத்திருக்கிறாள்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். திரையில் வரும் கடலுக்கு இரண்டே குணங்கள்தான்: கண்ணாடி நீலம், அல்லது மலை உயர அலை. எர்த்ஸீயில் கடல் வேலைத்தலம். கெட் மந்திரவாதியாகப் பட்டம் பெற்றுப் போகும் முதல் ஊரிலேயே ஒரு படகு கட்டுகிறவரிடம் துடுப்பும் பாயும் கற்றுக்கொள்கிறான். மந்திரக் காற்றை எழுப்பிப் பாயில் அடைக்க அவனால் முடியும். ஆனால் அது களைப்பு, ஆபத்து. முடிந்தவரை இருக்கிற காற்றை வைத்துத்தான் ஓட்டுகிறான். பிறகு ஒரு முதிய மீனவரின் கண்புரையைக் குணமாக்கிவிட்டு அவருடைய பழைய படகை வாங்கிக்கொள்கிறான். முன்னணியத்தில், அதாவது படகின் மூக்கில், இரண்டு பக்கமும் கண் வரையச் சொல்லிக் கொடுக்கிறார் அவர். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஒரே கடலை எல்லாத் தீவுக்கும் ஒட்டிவிடாதே. நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரைச் சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக் குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பஸ் பயணத்துக்குள் இரண்டு கடல், இரண்டு சட்டம். ஜூனில் குளச்சல் தண்ணீர் மண் கலங்கிப் பழுப்பாக இருக்கும். தென்மேற்கிலிருந்து நீண்ட அலை ஒன்று நிதானமாக வரும், அதன் முதுகில் மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று கிளப்பும் சில்லறை அலைகள் குறுக்கே ஓடும். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்தால் நீ கெட்டிக்காரன்.

முதல் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறேன். கோன்ட் தீவு என்பது கடலிலிருந்து ஒரு மைல் உயரத்துக்கு எழும் ஒற்றை மலை. கரையிலிருந்து அதைக் காட்டவே கூடாது. படகில் இருந்து, அலை தூக்கும்போது தெரிந்து, இறங்கும்போது மறைந்து, மறுபடி தெரிய வேண்டும். நம் பெரியவர்கள் மலையுச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து மீன் கிடக்கும் பாறையைக் கண்டுபிடிக்கிறார்களே, அந்தக் கண்ணால் பார்த்த மலை வேண்டும்.

புயலைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது நீ இங்கேதான் இருந்தாய். எத்தனை வீடுகளின் வாசலில் பெண்கள் நின்றார்கள் என்று உனக்குத் தெரியும். கெட் படிக்கும் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதுதான்: நீ இங்கே மழையைக் கூப்பிட்டால் அங்கே ஒரு தீவு காயும், இங்கே காற்றை அடக்கினால் எங்கோ ஒரு படகு கவிழும். எனவே புயலை வாணவேடிக்கையாகச் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல். வேலை போய்விடும் என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது செய்.

நான் மிகவும் எதிர்பார்க்கும் காட்சியில் உனக்கு வேலையே கிடையாது. கெட்டின் குரு ஓகியன் மழையில் நனைந்துகொண்டு நடக்கிறார். மேகத்தைத் தள்ளிவிடக்கூடியவர், தள்ளவில்லை. மரத்தடியில் ஈரத்தோடு படுத்துத் தூங்குகிறார். சீடனுக்கு எரிச்சலாக வருகிறது. அவ்வளவுதான். நீ கேட்ட சண்டையை விட இதில் கதை அதிகம். சண்டை இல்லை என்பதும் பொய். பெண்டர் தீவில் கெட் குட்டி டிராகன்களை வீழ்த்துகிறான், அதற்குப் பிறகுதான் பெரியது பேச வருகிறது. கெட்டைத் துரத்தும் நிழலின் பெயரைத் தருகிறேன் என்று ஆசை காட்டுகிறது. அவன் தன் உயிரைக் காக்கும் அந்தப் பெயரை வாங்காமல், தான் காவலிருக்கும் தீவுக்காரர்களுக்காகப் பேரம் பேசுகிறான். இதையா பேசிவிட்டுப் போய்விட்டது என்கிறாய்?

இரண்டாம் புத்தகம் 1971. டெனார் என்ற பெண் நிலத்தடியில், விளக்கு ஏற்றத் தடையுள்ள இருட்டில், சுவரைத் தொட்டுத் தொட்டு வழி கற்கிறாள். அங்கே நீல விளக்கைப் போட்டு இருட்டு என்று ஏமாற்றக் கூடாது. திரை கறுப்பாகவே இருக்கட்டும், அவள் மூச்சும் விரல் உரசும் சத்தமும் போதும். மூன்றாவதில், 1972, கரையே இல்லாமல் பெரிய மரத் தெப்பங்களில் வாழும் மக்கள் வருகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் மரம் வெட்டித் தெப்பத்தைச் செப்பனிடக் கரையேறுவார்கள். கட்டுமரம் பார்த்து வளர்ந்தவனிடம் அந்தத் தெப்பத்தைக் கொடுத்தால்தான் கட்டு சரியாக வரும்.

தயாரிப்பாளர்கள் இந்த மூன்றோடு நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் என் பெரிய பயம். 1990இல் வந்த நான்காவதில் டெனார் நடுத்தர வயது விதவை. கெட் சக்தியெல்லாம் இழந்து திரும்பி வந்து ஆடு மேய்க்கிறான். தீயில் வெந்த ஒரு சிறுமியை டெனார் வளர்க்கிறாள். மாயம் முடிந்த பிறகு வீட்டில் யார் பாத்திரம் கழுவுவது என்று கேட்கும் மாயக் கதை வேறு எங்கே இருக்கிறது? எர்த்ஸீயின் ஆறு புத்தகங்களிலும் எனக்குப் பிடித்தது அதுதான். அதை எடுக்கும் தைரியம் இருந்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

ஜூனில் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. முட்டம் பாறைகளில் நின்று உன் கேமராவில் அலை பிடித்துக்கொள். அம்மாவிடம் சொல்லாதே, பாறையில் ஏறுகிறாய் என்றால் திட்டுவாள். வரும்போது என் மூன்றாவது புத்தகத்தையும் கொண்டு வா. அட்டை கிழிந்திருந்தால் வேறு வாங்கி வா.

அன்புடன்,
சித்தி
குளச்சல்